கோபுரம் பொறுக்கும், வட்டி பொறுக்காது

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம்,

நான் ரங்கூன்ல இருந்து எழுதுறேன். இங்க எங்க தமிழ் சபையில பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பொருளாளரா இருக்கேன், தொழில் தையல். உங்க பேப்பரை போன்லதான் படிக்கிறோம், கரண்ட்டும் நெட்டும் ஒண்ணா இருக்குற நேரமா பார்த்து. மாந்தலே பக்கம் நிலநடுக்கத்துல இடிஞ்ச ஒரு ஆலயத்தைத் திரும்பக் கட்டுறதுக்கு உதவி கேட்டு நீங்க செய்தி போட்டிருந்தீங்க, கட்டப்போற புது ஆலயத்தோட படமும் இருந்துச்சு, உயரமா ஒரு கோபுரம், அதுமேல சிலுவை, விசுவாசத்தால மறுபடி எழும்புதுன்னு எழுதியிருந்தீங்க. எங்களை நினைச்சு எழுதினதுக்கு மொதல்ல நன்றி, மனசார சொல்றேன். பர்மாவுல இன்னும் தமிழ் சனம் இருக்கு, அதுல கிறிஸ்தவங்களும் இருக்காங்கன்னு தமிழ்நாட்டுல நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. ஆனா அந்த செய்தியைப் படிச்சதுல இருந்து ஒண்ணை சொல்லாம இருக்க முடியல. அனுப்புற காசு இப்போதைக்கு கோபுரத்துக்குப் போக வேண்டாம் ஐயா. வட்டிக்கடன்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற குடும்பங்களுக்குத்தான் மொதல்ல போகணும். இதுக்கு வேதத்துல ஆதாரம் இருக்கு, எங்க நாட்டு சரித்திரத்துலயும் காரணம் இருக்கு, ரெண்டையும் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

அன்னைக்கு நடந்தது உங்களுக்கும் தெரியும். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மதியம் 12.50 மணி, 7.7 அளவு. சகாய்ங் பிளவுன்னு ஒண்ணு எங்க நாட்டை வடக்கு தெற்கா கீறிக்கிட்டுப் போகுது, சகாய்ங், மாந்தலே, நேபிடோ, டவுங்கு, பெகு எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டினாப்லயே இருக்குற ஊருங்க. அந்தப் பிளவு நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே மூச்சுல நகர்ந்திருக்கு. ரம்ஜான் மாசத்துக் கடைசி வெள்ளி அது, தொழுகைக்குப் போன முஸ்லிம் சனங்க பள்ளிவாசலுக்குள்ளயே போய்ட்டாங்க, புத்த மடங்கள்ல பிக்குங்க போய்ட்டாங்க, ஐராவதி மேல இருந்த பழைய ஆவா பாலம் விழுந்துச்சு, 1934ல கட்டி, 1942ல யுத்தத்துல உடைச்சு, 1954ல திரும்பக் கட்டின பாலம் அது. செத்தவங்க அரசாங்கக் கணக்குலயே 3,700 பேருக்கு மேல. எங்க ரங்கூன்ல ஆட்டம் தெரிஞ்சதோட சரி. அப்புறம் ஏப்ரல் 13ல குருத்தோலை ஞாயிறும் திஞ்ஞான் தண்ணித் திருவிழாவும் ஒரே நாள்ல வந்துச்சு, அன்னைக்குக் காலையிலயே மெய்க்டிலா பக்கம் மறுபடி 5.5. என் தங்கச்சி குடும்பம் மாந்தலேலதான் இருக்கு, அவங்க சபைக்காரங்க ஓலையைக் கையில பிடிச்சுக்கிட்டு மரத்தடியில நின்னு ஓசன்னா பாடிக்கிட்டு இருந்தவங்க அப்படியே தரையில உக்காந்துட்டாங்களாம், பாட்டை மட்டும் நிறுத்தலையாம். அந்த விசுவாசத்தை நான் குறைச்சு பேச மாட்டேன், அது பெரிசு, நான் அங்க இருந்திருந்தா பாடியிருப்பேனான்னு தெரியல.

ஆனா பாட்டு முடிஞ்சதும் வீட்டுக்குப் போகணும்ல, வீடு இருந்தாத்தானே போக.

அங்க போய்ப் பார்த்தப்ப எனக்கு மனசுல நின்னது இடிஞ்ச கட்டடம் கூட இல்ல ஐயா, செங்கல்லு. தெரு ஓரத்துல பொம்பளைங்க வரிசையா முக்காலி போட்டு உக்காந்து, பழைய செங்கல்ல ஒட்டியிருக்குற காரையை வெட்டுக்கத்தி முதுகால தட்டித்தட்டி எடுத்துக்கிட்டு இருந்தாங்க, முகத்துல பூசின தனக்காவும் (இங்க பொம்பளைங்க பூசுற மரப்பட்டைச் சந்து) செங்கல் தூசியும் ஒண்ணாக் கலந்து கிடக்கு, தலையில துண்டு, வாயில துணி. சுண்ணாம்புக் காரை வெச்சு கட்டின அந்தக் காலத்து சுவருன்னா ரெண்டு தட்டுல காரை உதுந்துடும், கல்லு முழுசா கிடைக்கும். சிமெண்ட் வெச்சு கட்டினதுன்னா காரை விடுறதுக்கு முன்னாடி கல்லே பொளந்துடும். அதனால லாரியில இடிபாடு வந்து கொட்டுனதுமே சுண்ணாம்புக் கல்லு எந்தக் குவியல்ல இருக்குன்னு பார்த்து ஓடுறாங்க. சுத்தம் பண்ணின கல்லை எண்ணி அடுக்கி விக்கிறாங்க, அதை வாங்கிட்டுப் போய் வேற ஒருத்தர் சுவர் எழுப்புறாங்க. என் தங்கச்சியும் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தா, கையெல்லாம் வெடிச்சுப் போய் இருந்துச்சு, நான் தேங்காண்ணெய் தடவி விட்டேன், அடுத்த நாள் காலையில திரும்பக் கத்தியை எடுத்துக்கிட்டுப் போய்ட்டா.

வேதத்துல நெகேமியா புஸ்தகம், எருசலேமோட இடிஞ்ச அலங்கத்தை, அதாவது மதில் சுவரை, திரும்பக் கட்டின கதை, அதுல ஒரு இடம் வரும், சுமைகாரருக்கு பெலன் குறைஞ்சு போச்சு, மண்மேடு இன்னும் நிறைய கிடக்கு, எங்களால அலங்கத்தைக் கட்ட முடியாதுன்னு யூதா சனங்க சொல்லுவாங்க. எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், எதிரியைப் பத்தின அதிகாரம்னு நினைச்சு தாண்டிப் போயிடுவேன். மாந்தலே போய்ட்டு வந்தப்புறம்தான் அந்த மண்மேடு கண்ணுல படுது. கட்டுறதுக்கு முன்னாடி அள்ளணும், அள்ளுறதுக்கே உடம்புல தெம்பு தீந்து போயிடுது. இளவட்டப் பிள்ளைங்கன்னு பார்த்தா பாதிப் பேர் தாய்லாந்து, மலேசியான்னு போய்ட்டாங்க, கொத்தனார் கிடைக்கல, கிடைச்சா கூலி கட்டுப்படியாகல, கடைசியில பொம்பளைங்களும் வயசானவங்களும்தான் அள்ளுறாங்க.

இப்ப கடன் விஷயத்துக்கு வரேன், இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. எங்க நாட்டுல சாதாரண சனம் பேங்க்ல போய் கடன் வாங்க முடியாது, ஈடு காட்ட பத்திரம் இருக்காது. கையில காசு வந்தா கொஞ்சம் கொஞ்சமா தங்கமா வாங்கி வெப்பாங்க, கஷ்டம் வந்தா அடகு. நகை வெச்சு வாங்கினா மாசத்துக்கு நூத்துக்கு அஞ்சு கிட்ட வட்டி. வெக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாம ஆள் நம்பிக்கையில வாங்கினா நூத்துக்குப் பத்து, சில இடத்துல இருபது, அதுவும் மாசத்துக்கு. தங்கச்சி சபையில ஒரு அக்கா இருக்காங்க, முறுக்கு சுட்டு கடைங்களுக்குப் போடுறவங்க, வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். சுவர் சாஞ்சதுல அடுப்பு, எண்ணெச் சட்டி, மாவு மிஷின், அவரோட டூல்ஸ் எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. கழுத்துல இருந்த செயின் மொத மாசமே அடகுக்குப் போச்சு, அது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும். மழைக்கு முன்னாடி மேல தகரம் போட்டாகணும்னு பத்து லட்சம் கியாட் (எங்க நாட்டுக் காசு) வெளியில வாங்கினாங்க, நூத்துக்குப் பத்து. மாசம் ஒரு லட்சம் வட்டி கட்டணும். பத்து மாசம் ஒழுங்கா கட்டினா வாங்கின காசு முழுக்க கொடுத்தாச்சு, ஆனா அசல் பத்து லட்சம் அப்படியே நிக்கும். 2021க்கு முன்னாடி ஒரு டாலர் 1,300 கியாட் போல இருந்தது, 2025ல வெளிமார்க்கெட்ல 4,000த்துக்கு மேல போச்சு, அதனால எண்ணெ, மாவு, தகரம், ஆணி எல்லாமே விலை ஏறிப்போச்சு, முறுக்குக்கு மட்டும் அந்த அளவுக்கு விலை ஏத்த முடியாது, ஏத்துனா வாங்க மாட்டாங்க. அந்த அக்கா ஞாயிறு ஆராதனைக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. நான் விசுவாசம் தளர்ந்துடுச்சோன்னு பயந்துக்கிட்டு வீட்டுக்குப் போய்க் கேட்டா, கடன் கொடுத்தவங்களும் அதே சபைதானாம், பக்கத்து பெஞ்சுல உக்காருவாங்களாம், எப்படி வர்றதுன்னு கேக்குறாங்க.

இதைக் கேட்டுட்டு வந்து எனக்கு ராத்திரி தூக்கம் வரல ஐயா. அன்னைக்குத்தான் நெகேமியா அஞ்சாம் அதிகாரத்தை உக்காந்து நிதானமா படிச்சேன். அலங்கம் கட்டிக்கிட்டு இருக்குற நேரம், பாதிப் பேர் வேலை செய்றாங்க, பாதிப் பேர் ஈட்டி பிடிச்சு காவல் நிக்கிறாங்க, ஒரு நிமிஷம் நிறுத்தினா எதிரி வந்துடுவான்ங்கிற நிலைமை. அப்ப சனங்களும் அவங்க பெண்சாதிங்களும் வந்து கூக்குரல் போடுறாங்க, பஞ்சத்துல தானியம் வாங்குறதுக்கு நிலத்தை அடகு வெச்சோம், ராஜாவுக்கு வரி கட்ட கடன் வாங்கினோம், எங்க பிள்ளைங்க அடிமையாப் போகுதுங்க, கடன் கொடுத்தவங்க வெளியாள் இல்ல எங்க சொந்த சகோதரங்கதான்னு. நெகேமியா என்ன பண்ணார்? மொதல்ல சுவர் முடியட்டும், இதை அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லல. அவருக்குக் கோவம் வந்துச்சுன்னு வேதத்துலயே எழுதியிருக்கு. பெரியவங்களை, அதிகாரிங்களைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால சபை கூட்டி, நிலத்தைத் திருப்பிக் கொடு, திராட்சத்தோட்டத்தைக் கொடு, வீட்டைக் கொடு, நூத்துக்கொண்ணு வீதமா வாங்கின வட்டியையும் கொடுன்னு கேட்டார். நானும் என் சகோதரரும் கூட கடன் கொடுத்திருக்கோம், நாமெல்லாரும் இதை விட்டுடுவோம்னு தன்னையும் சேர்த்து சொன்னார். அவங்களும் சரி கொடுத்துடுறோம், இனி கேக்க மாட்டோம்னு சொன்னாங்க, ஆசாரியர்களைக் கூப்பிட்டு ஆணை வாங்கிக்கிட்டார். அதுக்கு அப்புறம்தான் ஆறாம் அதிகாரத்துல அலங்கம் 52 நாள்ல முடிஞ்சுதுன்னு வருது. நூத்துக்கொண்ணு வாங்கினதுக்கே அந்த மனுஷனுக்கு அப்படிக் கோவம் வந்துச்சு, நாங்க நூத்துக்குப் பத்து வாங்கிட்டு அல்லேலூயா சொல்லிக்கிட்டு இருக்கோம்.

நெகேமியாவைப் பத்தி எங்க ஊர்ல கன்வென்ஷன் பிரசங்கம் நிறைய கேட்டிருக்கேன், எழுந்து கட்டுவோம் வாருங்கள்னு பேனர் எல்லாம் போடுவாங்க. அஞ்சாம் அதிகாரத்தை யாரும் பேனர்ல போட்டு நான் பார்த்ததில்ல.

இதுக்கு எதிர்ப்பேச்சு வரும்னு தெரியும். தங்கச்சி சபையில கட்டடக் கமிட்டி கூடினப்ப ஒரு பெரியவர் ஆகாய் தீர்க்கதரிசியை எடுத்தாராம், என் வீடு பாழாக் கிடக்கும்போது நீங்க மச்சு வீட்டுல குடியிருக்குற காலமா இதுன்னு கர்த்தர் கேக்குறார், அதனால ஆலயம்தான் மொதல்லன்னு. நல்ல கேள்விதான், தள்ளிட்டுப் போகக் கூடாது. ஆனா ஆகாய் யார்கிட்ட அதைப் பேசினார்னு பாருங்க. பாபிலோன் சிறையிருப்புல இருந்து திரும்பி வந்து பதினாறு, பதினெட்டு வருஷம் ஆனவங்க கிட்ட. அவங்களுக்கு வீடு முடிஞ்சு மச்சும் போட்டாச்சு. மாந்தலேல எங்க சனங்க தார்ப்பாய்க்கு அடியில இருக்காங்க, ஏப்ரல் மே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதுக்கப்புறம் மழை, பாய்க்கு அடியில தண்ணி ஓடும், கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு ராத்திரி முழுக்க நிக்கணும். அவங்களைப் பார்த்து மச்சு வீடுன்னு யார் சொல்ல முடியும். மச்சு வீடு இருக்குறவங்க ஆலயத்துக்குக் கொடுக்கட்டும், தாராளமா கொடுக்கட்டும், ஆகாய் அவங்களுக்குத்தான்.

இன்னொரு பேச்சையும் கேட்டேன், அதுல எனக்கு ரொம்ப வருத்தம். வெளியூர்ல இருந்து வந்த ஒரு ஊழியக்காரர், விக்கிரகம் நிறைஞ்ச ஊரு, அதான் கர்த்தர் அசைச்சார்னு மைக்ல பேசினாராம். கேட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல பிள்ளையைப் புதைச்சவங்க இருந்தாங்க. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பத்தி இயேசு என்ன சொன்னார், அவங்க எருசலேம்ல இருந்த மத்த எல்லாரையும் விட பாவிங்கன்னு நினைக்கிறீங்களா, அப்படி இல்லன்னு நேரடியா சொல்லிட்டார். அதுக்கு மேல இதுல பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல. பள்ளிவாசல்ல தொழுதுக்கிட்டே செத்தவங்களுக்காகவும், பரீட்சை எழுதிக்கிட்டே செத்த பிக்குங்களுக்காகவும் எங்க சபையில பேர் சொல்லி ஜெபம் பண்ணோம், போதகர் ஐயாவே ஆரம்பிச்சு வெச்சார்.

இப்ப சரித்திரத்துக்கு வரேன், ஏன்னா வட்டிங்கிற பேச்சு மத்த சபைக்கு ஒரு மாதிரின்னா தமிழ் சபைக்கு வேற மாதிரி. 1930 மே 5ல பெகுவுல ஒரு பெரிய நிலநடுக்கம் வந்துச்சு, நூத்துக்கணக்குல செத்தாங்க, ஷ்வேமோடோ பகோடா சரிஞ்சுது, அதைத் திரும்பக் கட்டி முடிக்க 1950கள் ஆயிடுச்சு. அதே வருஷங்கள்ல உலகம் பூராவும் மந்தம், நெல்லு விலை விழுந்துச்சு, கடன் வாங்கின பர்மிய விவசாயிங்க கட்ட முடியாம நிலத்தை விட்டாங்க. 1930ல கீழ் பர்மாவோட முக்கியமான நெல்லு மாவட்டங்கள்ல அவங்களுக்குக் கடன் கொடுத்த தமிழ்நாட்டுச் செட்டியார் கையில இருந்த நிலம் நூத்துக்கு ஆறு பங்கு, 1930கள் முடியுறதுக்குள்ள நூத்துக்கு இருவத்தஞ்சு. செட்டியாருங்க நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவங்க இல்ல, அவங்க வேணும்னு கேட்டது பணத்தைத்தான், கடைசியில யுத்தத்துலயும் 1948 நிலச் சட்டத்துலயும் அவங்களும் எல்லாத்தையும் இழந்துட்டுத்தான் காரைக்குடி பக்கம் போய்ச் சேர்ந்தாங்க, அதையும் சொல்லணும். ஆனா பர்மியனோட மனசுல தமிழன்னா வட்டிங்கிறது அன்னைக்கு ஒட்டிக்கிச்சு. எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் நெல்லு மில்லுலயும் துறைமுகத்துலயும் மூட்டை தூக்கினவங்க, ஒரு காசு வட்டிக்கு விட்டதில்ல, ஆனாலும் அந்தப் பேர் எங்க மேலயும்தான் விழுந்துச்சு. தொண்ணூறு வருஷம் கழிச்சு இன்னொரு நிலநடுக்கம், இன்னொரு கடன். இந்த தடவை தமிழ் சபை வட்டி இல்லாம கொடுத்துச்சு, பக்கத்து வீட்டு பர்மியனுக்கும் சேர்த்துக் கொடுத்துச்சுன்னு பேர் வரட்டுமே. எங்களுக்கு இந்த ஊர்ல வேற எந்த சாட்சியை விடவும் அது பெரிய சாட்சி.

கட்டடம் இல்லாம சபை நிக்குமான்னு கேக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையா அஸ்ஸாம் பக்கம் போனாங்க, வழியில ஆயிரக்கணக்குல செத்தாங்க, எங்க தாத்தா பாட்டி போகாம கிராமத்துப் பக்கம் ஒளிஞ்சு இருந்தாங்க. ரங்கூன் நடுவுல இருக்குற இம்மானுவேல் பாப்டிஸ்ட் ஆலயம் யுத்தத்துல இடிஞ்சது, 1952லதான் திரும்ப எழும்புச்சு, அந்த நடு வருஷங்கள்ல அந்த சபை சாகல. 1964ல கடைங்களை அரசாங்கம் எடுத்துக்கிச்சு, மே மாசம் அம்பது கியாட் நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, எங்க அப்பா மளிகைக்கடை ஒரே நாள்ல போச்சு, சபைக்குன்னு சேர்த்து வெச்சிருந்த காணிக்கையும் நூறு கியாட் நோட்டாத்தான் இருந்துச்சு, அதுவும் போச்சு. அப்ப கிட்டத்தட்ட மூணு லட்சம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாங்க, உங்க ஊரு பர்மா பஜார் எல்லாம் அவங்க போட்டதுதானே. 1965ல மிஷன் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அடுத்த வருஷம் வெளிநாட்டு மிஷனரிமாரை அனுப்பிட்டாங்க. எங்க சபை ஒரு வீட்டுத் திண்ணையில கூடுச்சு. அந்த நேரத்துல எங்க அம்மாவுக்கு எதிர்வீட்டு பர்மிய அம்மா ஒருத்தங்க பழைய தையல் மிஷினைக் கொடுத்து, முடிஞ்சப்ப காசு கொடு, எவ்வளவுன்னு நான் கேக்க மாட்டேன்னாங்களாம். அவங்க புத்த மதம், தினமும் பிக்குங்களுக்கு சோறு போடுறவங்க. அந்த மிஷின்ல தச்சுத்தான் அம்மா எங்க எல்லாரையும் வளர்த்தாங்க, நானும் அதுலதான் தொழில் கத்துக்கிட்டேன். நூத்துக்குப் பத்துக்கு கடன் வாங்கித்தான் அந்த மிஷினை வாங்கியிருக்கணும்னா எங்க குடும்பம் எழுந்தே இருக்காது.

சரி, என்னதான் பண்றதுன்னு கேட்டீங்கன்னா, நாங்க பண்றதை சொல்றேன், இது பெரிய திட்டம் எல்லாம் இல்ல. பிடி அரிசி காணிக்கை உங்க ஊர் சபைகள்லயும் உண்டு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து தனி டப்பாவுல போட்டு ஞாயித்துக்கிழமை கொண்டு வர்றது. எங்க சங்கத்துல அதை வித்து வர்ற காசு, கூடவே முடிஞ்சவங்க கொடுக்குறது, மலேசியா சிங்கப்பூர்ல இருக்குற பிள்ளைங்க அனுப்புறது எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மாந்தலேல ஒரு குடும்பத்தோட வெளிக்கடனை மொத்தமா அடைக்கிறோம். காசை கையில கொடுத்து அனுப்புறதில்ல. சங்கத்துல இருந்து ரெண்டு பேர் அவங்களோட கடன்காரர் வீட்டுக்குப் போய், அசலை முழுசா வெச்சு, எழுதி வாங்கின சீட்டை அங்கயே கிழிச்சுட்டு வர்றோம். அசல் மொத்தமா வருதுன்னா சில பேர் பாக்கி வட்டியை விட்டுடுறாங்க, அவங்களும் மனுஷங்கதானே, சில பேருக்கு நாங்க போய் நின்னதே கூச்சமா இருந்திருக்கும். மொதல்ல எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை அடைக்கிறோம், நகை அடகு எல்லாம் பின்னாடி. அப்புறம் அந்தக் குடும்பம் வட்டிக்குக் கட்டிக்கிட்டு இருந்ததுல பாதி, கால்வாசி, எது முடியுமோ அதை மாசாமாசம் சங்கத்துக்குத் திருப்பிக் கட்டுறாங்க, வட்டி கிடையாது, அந்தக் காசு அடுத்த குடும்பத்துக்குப் போகுது. கட்ட முடியாத மாசம் வந்து சொன்னா போதும். நோட்டு ஒண்ணு இருக்கு, யார் வேணா வந்து பார்க்கலாம். வாங்கினவங்களை நிக்க வெச்சு போட்டோ எடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம், சாட்சி சொல்லுன்னு மேடை ஏத்துறதும் கிடையாது. அந்த முறுக்கு அக்கா இப்ப ஆராதனைக்கு வராங்க, அடுப்பும் திரும்பப் பத்த வெச்சாச்சு. கடன் கொடுத்தவங்க அசலை மட்டும் வாங்கிக்கிட்டாங்க, இப்பவும் பக்கத்து பெஞ்சுதான்.

வீடு கட்டுற விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும், இது எனக்குத் தெரிஞ்ச தொழில் இல்ல, ஆனா அங்க ஒரு வயசான கொத்தனார் இடிஞ்ச தூண் ஒண்ணைக் காட்டி விளக்கினதை நான் பார்த்தேன். நிக்கிற கம்பியைச் சுத்தி வளையம் கட்டுவாங்கல்ல, அந்த வளையத்தோட நுனியை சும்மா மடிச்சு விட்டிருந்தா ஆட்டத்துல அவுந்துடுமாம், கம்பி எல்லாம் பொங்கிக்கிட்டு வெளிய வந்துடும், தூண் நசுங்கும். நுனியை நல்லா உள்பக்கமா, தூணோட நடுவைப் பார்த்து வளைச்சுவிட்டா பிடிச்சு நிக்கும். செலவு பெருசா கூடாது, கொஞ்சம் கம்பி, கொஞ்சம் பொறுமை. கீழ்மாடி பூரா கடைக்காக சுவரே இல்லாம தூண் மட்டும் விட்ட கட்டடங்க அப்படியே உக்காந்துட்டதையும் காட்டினார். இப்ப என்ன நடக்குதுன்னா, காசு இல்லாததுனால வெடிச்ச சுவர் மேலயே சாந்து பூசி வெள்ளை அடிச்சுட்டு உள்ள குடி போறாங்க. மண்சுவருக்கு சாரமற்ற சாந்து பூசுறவங்களைப் பத்தி எசேக்கியேல்ல வருதே, அது தீர்க்கதரிசிங்களைப் பத்தி சொன்னது, ஆனா எனக்கு அந்த வீடுங்களைப் பார்த்தப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு, பயமா இருந்துச்சு. உங்க வாசகர்கள்ல கட்டட இன்ஜினியர் எத்தனை பேர் இருப்பீங்க, சின்ன வீடு, மூங்கில், பழைய செங்கல், தகரக் கூரை, இதை வெச்சு ஆட்டத்துக்குத் தாங்குற மாதிரி எப்படிக் கட்டுறதுன்னு எளிமையா வரைஞ்சு அனுப்புனீங்கன்னா நாங்க பர்மிய பாஷையில மாத்தி சபை வாசல்ல, டீக்கடையில எல்லாம் ஒட்டுவோம். காசு அனுப்ப முடியாதவங்க அதை அனுப்புங்க. பழைய துணி மட்டும் அனுப்ப வேண்டாம், அதுக்கு இங்க குறைவில்ல, வர்ற செலவுல ரெண்டு மூட்டை சிமெண்ட் வாங்கிடலாம்.

எங்க நாட்டுல 2014 கணக்குப்படி கிறிஸ்தவங்க நூத்துக்கு ஆறு பேர் சொச்சம்தான், அதுலயும் நிறைய பேர் சின், கச்சின், கரேன் சனங்க, தமிழ் சபைங்கிறது ஒரு கைப்பிடி. அதனால நாங்க கட்டுற கோபுரம் எவ்வளவு உசரமா இருந்தாலும் மாந்தலேல பகோடாக்களுக்கு நடுவுல யார் கண்ணுலயும் படாது, படணும்னு அவசியமும் இல்ல. ஆராதனைக்கு மூங்கில் பந்தல் இப்ப போதும். மழைக்கு ஒழுகாத தகரமும் உக்கார பாயும் இருந்தா ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓட்டலாம், எங்க அப்பா காலத்துல திண்ணையில ஓட்டினதை விட அது சவுகரியம். எல்லாக் குடும்பமும் கடன்ல இருந்து வெளிய வந்தப்புறம் அவங்களே கல்லு சுமந்து கட்டுவாங்க, அதை அவங்க கைக்காசுலயே கட்டுவாங்க.

தங்கச்சி சபை போதகர் ஐயாகிட்ட இதையெல்லாம் பேசினேன், கட்டடக் கமிட்டியில எல்லாருக்கும் சம்மதம் இல்லைன்னாலும், வெளியில இருந்து வர்ற காணிக்கையில பாதியை மொதல்ல கடன் மீட்புக்குன்னு ஒதுக்குறதுக்கு ஒத்துக்கிட்டாங்களாம், மாசாமாசம் வரவு செலவை வாசல்ல ஒட்டுறதுக்கும் சரின்னுட்டாங்க. பாதி இல்ல, முழுசாவே ஒதுக்கணும்ங்கிறதுதான் என் எண்ணம், அதை இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான் ஐயா. அடுத்த தடவை அந்த ஆலயத்துக்காக வேண்டுகோள் போடும்போது கோபுரத்தோட படத்துக்குப் பதிலா அந்த மாசத்து வரவு செலவுக் கணக்கைப் போடுங்க, எத்தனை குடும்பம் கடன்ல இருந்து வெளிய வந்துச்சு, இன்னும் எத்தனை பாக்கின்னு. பேர் வேண்டாம், கணக்கு போதும். நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ரங்கூன்